மாண்புமிகு அமைச்சர் புருவம் உயர்த்தினார்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் அடைப்புக்குறி.

எங்கள் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் சிரித்தால் (சிரிப்பு) என்று போடுவோம். மேசையைத் தட்டினால் (ஆரவாரம்). ஒருவர் பேசும்போது இன்னொருவர் கத்தினால் (குறுக்கீடு). பதிவுப் பிரிவில் உட்கார்ந்து, சபையில் பேசப்படுவதையெல்லாம் ஆங்கிலத்தில் அச்சுக்குத் தயார் செய்கிற எனக்கு இத்தனை வருடமாக இந்த மூன்றும் போதுமாக இருந்தன. போன மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை கல்வி அமைச்சர் ஒரு காரியம் செய்தார். அதற்கு என்னிடம் அடைப்புக்குறி இல்லை. அதிலிருந்து கிளம்பிய ரகளையில் பதிவேட்டுக்குள் போனது ஒரு வரி. மிச்சமெல்லாம் என் தலையில் தங்கிவிட்டது. அதை இறக்கி வைக்கத் தமிழைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மொழிப்பற்று மட்டுமல்ல. இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் என் மனைவியும்தான்.

(எந்தப் பிரதேசம் என்று கேட்காதீர்கள். வடக்கே, அதற்கும் வடக்கே. கீழே வரும் கிங்கார்யுக் என்ற ஊர்ப்பெயரும் நான் வைத்ததுதான்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சபைக்குள்ளே அமைச்சரின் நெற்றியில்—"

நிறுத்திவிட்டேன். மார்ச்சில் இங்கே பனி கொட்டியது என்பதும் மே மாதம் மதுரையில் வெயில் அடித்தது என்பதும் ஒன்று. பிறகு இன்னொரு தொடக்கம்:

"மக்களாட்சியின் உயிர்நாடி கேள்வி நேரத்தில்தான் துடிக்கிறது என்று சொன்னால் அது—"

பின்னால் நின்று படித்த என் மனைவி, "தலையங்கமா எழுதுற?" என்றாள். அவள் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைப் பகலெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவள். "யாரு யாருன்னு மொதல்ல சொல்லு. அப்புறம் உயிர்நாடியெல்லாம் பாத்துக்கலாம்."

2

சொல்கிறேன்.

கல்வி அமைச்சர் பெயர் மியாலி ஒலாயூக். நாற்பதைக் கொஞ்சம் தாண்டியவர். முன்பு பள்ளி ஆசிரியை. சபைக்கு வரும்போது தானே தைத்த கடல்நாய்த்தோல் மேலாடை அணிவார். அவரைக் கேள்வி கேட்டுத் துளைப்பவர் கிங்கார்யுக் உறுப்பினர் ஜோவனாசி நட்டாக். அறுபது வயது, வேட்டைக்காரர், வெங்கலக் குரல். எங்கள் சபையில் கட்சிகள் கிடையாது. ஆகவே ஒருவரை ஒருவர் எதிர்க்க வேண்டுமென்றால் சொந்தமாகக் காரணம் தேடிக்கொள்ள வேண்டும். ஜோவனாசிக்கு அது கஷ்டமாக இருந்ததில்லை.

இந்த இருவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இங்கே ஒருவர் இறந்த பிறகு பிறக்கும் குழந்தைக்கு அவர் பெயரை வைத்தால் உறவுமுறையும் கூடவே வந்து சேர்ந்துவிடும். ஜோவனாசியின் தாயார் பெயர் மியாலி. அவர் இறந்த வாரத்தில்தான் பக்கத்து வீட்டில் அமைச்சர் பிறந்தார். அன்றிலிருந்து ஜோவனாசிக்கு அவர் அம்மா. தொட்டிலில் கிடந்த அம்மாவைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார். அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மாமனார் பெயர் வைத்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத மருமகள்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால் அமைச்சரை ஒருவர் அம்மா என்று கூப்பிட்டால் தமிழ் வாசகருக்கு வேறு ஞாபகங்கள் வரும். தயவுசெய்து அவற்றை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

சபைக்குள் அவர் "மாண்புமிகு அமைச்சர்". வாசலைத் தாண்டினால் "அம்மா". அமைச்சரும் சபைக்குள் "மாண்புமிகு உறுப்பினர்" என்பார், வெளியே, "டேய், குல்லாவைப் போட்டுக்கிட்டுப் போடா, காதுல குளிர் ஏறும்."

3

அந்த வியாழக்கிழமை.

ஜோவனாசி எழுந்தார். "தலைவரே, போன கூட்டத்துலயும் இதைக் கேட்டேன், அதுக்கு முந்தின கூட்டத்துலயும் கேட்டேன். துறை ஆராய்ஞ்சிக்கிட்டு இருக்குன்னாங்க. எங்க ஊரு நாயெல்லாம் அந்தப் பதிலை மனப்பாடம் பண்ணிடுச்சு."

(சிரிப்பு)

"கிங்கார்யுக்ல மேல் மூணு வகுப்பையும் மூடிட்டு, பதினோரு பிள்ளைங்களையும் ஏரோப்ளேன்ல ஏத்தித் தலைநகரத்துக்குக் கொண்டுவரப் போறதாப் பேச்சு அடிபடுது. தெரியாதவங்க வீட்டுல தங்கி, தெரியாதவங்க சமையலைத் தின்னுட்டுப் படிக்கணுமாம். ஒரே கேள்வி. அந்த வகுப்புங்க அடுத்த வருஷம் எங்க ஊர்ல இருக்குமா?"

அமைச்சர் எழுந்தார். துறை கொடுத்த தடித்த கோப்பைத் திறந்தார். "இது குறித்துத் துறை முழுமையாக..." என்று படிக்கத் தொடங்கி நிறுத்தினார். கோப்பை மூடினார். ஜோவனாசியைப் பார்த்தார். இரண்டு புருவத்தையும் உயர்த்தினார். உட்கார்ந்துவிட்டார்.

பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: இங்கே புருவம் உயர்ந்தால் ஆம். மூக்கு சுருங்கினால் இல்லை. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே கிடையாது. இங்கு வந்த புதிதில் என் மனைவி "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து ஊசியை எடுப்பாள், நிமிர்வதற்குள் பதில் வந்து போயிருக்கும். நோயாளிகள் ஏன் பேசவே மாட்டேன் என்கிறார்கள் என்று மாதக்கணக்கில் வருத்தப்பட்டாள்.

ஜோவனாசி "நன்றி, தலைவரே" என்று அமர்ந்தார். இரண்டு துணைக் கேள்விகள் கேட்கும் உரிமை இருந்தும் அவர் கேட்காமல் விட்டது அன்றுதான் முதல் தடவை.

என் காதில் மாட்டியிருந்த கருவியில், மொழிபெயர்ப்பாளர் ஊலூட்டாவின் குரல் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னது: "ஆம்."

நானும் "ஆம்" என்று தட்டச்சு செய்தேன்.

4

செயலர் டங்கன் பத்து நிமிடத்தில் என் அறைக்கு வந்தார். தெற்கிலிருந்து வந்து கல்வித் துறையை நடத்துகிறவர். நெட்டை, மூக்குக்கண்ணாடி. ஊலூட்டா அப்போதுதான் தன் மொழிபெயர்ப்புக் கூண்டிலிருந்து இறங்கி என்னிடம் தேநீர் வாங்கிக் குடிக்க வந்திருந்தாள்.

"யாரு ஆம்னு சொன்னது?" என்றார் டங்கன்.

"அமைச்சர்," என்றாள் ஊலூட்டா.

"அவங்க வாயே திறக்கலியே!"

"சொன்னாங்க. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா? பேச்சைக் காதால கேக்கணும்மா."

"நீங்க கேக்கணும். எங்களுக்குப் பாத்தாப் போதும்."

"ஆச்சரியத்துல புருவத்தைத் தூக்கியிருக்கலாம் இல்லியா?"

"அதே ஆளு, அதே கேள்வி, மூணாவது கூட்டம். இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?"

டங்கன் என் பக்கம் திரும்பினார். நான் ஒளிப்பதிவை ஓட்டினேன். கேமரா அந்த நேரம் பார்த்து ஜோவனாசியின் முகத்தில் இருந்தது. நரைத்த மீசை மெதுவாகச் சிரிப்பாக விரிவது மட்டும் தெரிந்தது.

"இது சாட்சி ஆகாது," என்றார் டங்கன்.

அன்று மாலையே துறை சபாநாயகரிடம் முறையிட்டது: அமைச்சர் பதில் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பாளர் அவர் வாயில் வார்த்தையை வைத்துவிட்டார், பதிவிலிருந்து நீக்க வேண்டும். சபாநாயகர் பௌலூசி முன்னாள் பாதிரியார். யாரையும் நோகடிக்க மாட்டார். அதனாலேயே எல்லோரும் நொந்துபோவார்கள். திங்கட்கிழமை அமைச்சரே விளக்கட்டும் என்றார். அதுவரை ஊலூட்டா ஓய்வில் இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கூண்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மதியம் ஊலூட்டாவின் வீட்டுக்குப் போனேன். எப்போதும் சத்தமாகச் சிரிப்பவள், ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நான் யார் வாயிலயும் வார்த்தை வச்சதில்ல," என்றாள். "மந்திரிங்க வாயிலேருந்து வர்றதைச் சுமக்கறதே பெரும்பாடு. இதுல நான் வேற உள்ள வைக்கணுமா?"

"எல்லாருக்கும் தெரியும்க்கா."

"தெரிஞ்சு? திங்கக்கிழமை அவ எழுந்திரிச்சு, நான் சொல்லலன்னு சொல்லிட்டா, நான் பொய்க்காரி. அப்புறம் நான் எதைச் சொன்னாலும் நம்புவாங்களா?"

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல். எழுதியதைத் திரும்பப் படித்தால் டங்கன் வில்லனாகத் தெரிகிறார். நெட்டை, மூக்குக்கண்ணாடி, தெற்கத்திக்காரர் என்று நானே சாமான்களை அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு கறுப்புக் கோட்டு மட்டும்தான் பாக்கி.

ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். கிங்கார்யுக்கில் ஆசிரியர்களுக்கு இருந்த இரண்டு வீடுகளிலும் ஜனவரியில் குழாய் வெடித்து, தரை முழுக்க உறைந்து, சுவர் பிளந்துவிட்டது. மரமும் ஆணியும் கோடையில் கப்பல் வந்தால்தான் வரும். கட்டி முடிக்க அடுத்த குளிர்காலம் ஆகிவிடும். வீடு இல்லாத ஊருக்கு எந்த ஆசிரியர் வருவார்? டங்கன் இளவயதில் இதே போல ஓர் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து, பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் படுத்துத் தூங்கியவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிற்றுண்டிச்சாலையில் என் எதிரே வந்து உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட வந்தவனுக்குக் கஞ்சி கிடைத்த முகத்தோடு சொன்னார்:

"அமைச்சர் புருவத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வீட்டை யாரு தூக்கறது?"

(பிரியாணி உவமை என்னுடையது. அவர் முன்னால் இருந்தது சூப்.)

6

சனிக்கிழமை ஜோவனாசி அமைச்சர் வீட்டுக்குப் போனார். அந்தக் காட்சியில் நான் இல்லை. ஆனாலும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முயற்சி: "அம்மா! என் ஊர்ப் பிள்ளைகளைக் கைவிட்டுவிடாதே! என்று அவர் தழுதழுத்த குரலில்—" ஜோவனாசிக்குக் குரல் தழுதழுத்து யாரும் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சியில் அவர் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த தேர்தலில் ஆதரவு என்று பேரம் பேசினார். அது முதலாவதைவிட மோசம். அந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டதே இல்லை.

வேறு வழியில்லாமல் ஜோவனாசியிடமே கேட்டேன். "சாப்பிட்டோம்," என்றார். அவ்வளவுதான். பிறகு, தன் பேச்சின் அச்சுப்படியைச் சரிபார்க்க வந்த அமைச்சர்தான் முழுதும் சொன்னார்.

ஜோவனாசி உறைந்த மீன் ஒன்றைக் கொண்டுவந்து, சமையலறைத் தரையில் அட்டையை விரித்துப் போட்டார். இருவரும் உட்கார்ந்து சீவிச் சீவிச் சாப்பிட்டார்கள்.

"அம்மா, நீ சொன்ன ஆம், ஆம்தானே?"

"சாப்பிடறப்ப சபையைப் பத்திப் பேசாதடா. முள்ளு மாட்டிக்கும்."

"திங்கக்கிழமை மூக்கைச் சுருக்கிடுவியா?"

அமைச்சர் மீனில் இன்னொரு துண்டைச் சீவினார். "நான் கோப்பைப் பாத்துப் படிச்சிருந்தா ஒரு வம்பும் இல்ல. நீ நின்ன நிலை அப்படி. மூக்கு ஒழுகிட்டு நிக்கிற பிள்ளை மாதிரி நின்னே. எனக்கு மந்திரி வேலை மறந்துபோச்சு."

"எனக்கு அறுபது வயசு."

"பெத்தவளுக்கு அதெல்லாம் தெரியாதுடா." பிறகு சொன்னார்: "வாத்தியாருங்க தங்க வீடில்ல. அதான் நிஜம். நான் என்ன பண்ணட்டும்?"

"எங்க வீட்டுல ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு," என்றார் ஜோவனாசி, மீனின் கன்னத்தைத் தோண்டிக்கொண்டே.

அமைச்சர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

7

திங்கட்கிழமை மாடம் நிரம்பியிருந்தது. ஊலூட்டாவும் பின்வரிசையில், மேலாடையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சபாநாயகர் பௌலூசி தொண்டையைச் செருமி, வியாழக்கிழமை நடந்ததைப் பற்றி மாண்புமிகு அமைச்சர் விளக்கம் தருவார் என்றார்.

அமைச்சர் எழுந்தார்.

"தலைவரே, துறை எனக்கு ஒரு அறிக்கை குடுத்திருக்கு. நல்லா எழுதியிருக்காங்க. நான் அன்னிக்குப் பதிலே சொல்லலன்னு அதுல இருக்கு. அதை நான் படிக்கப் போறதில்ல."

டங்கன் அதிகாரிகள் வரிசையில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் பதில் சொன்னேன். ஆம்னு சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் நான் சொன்னதைத்தான் சொன்னாங்க, ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து குறைக்கல. மத்த மந்திரிங்களைக் கேக்காமச் சொன்னது என் தப்பு. அதுக்குக் காலைல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆனா சொன்னது சொன்னதுதான்."

(ஆரவாரம்)

நான் மாடத்தைப் பார்த்தேன். ஊலூட்டா மேலாடையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு, தலைவரே. ஆசிரியர்களுக்கு வீடு இல்லன்னு செயலர் சொல்றார். அவர் சொல்றது சரி. ஆனா கிங்கார்யுக் உறுப்பினர் தன்னோட வீட்டுல ரெண்டு அறையைத் தர்றதா சனிக்கிழமை பெருந்தன்மையோட முன்வந்தார். இந்தச் சபையின் சார்பா அவருக்கு நன்றி."

ஜோவனாசி துள்ளி எழுந்தார். "அம்மா! அது சாப்பிடறப்பச் சொன்னது!"

(சிரிப்பு)

"ஒழுங்கு, ஒழுங்கு," என்றார் சபாநாயகர். "உறுப்பினர் மாண்புமிகு அமைச்சரை முறையா விளிக்கணும்."

"மன்னிக்கணும் தலைவரே. மாண்புமிகு அம்மா, அது சாப்பிடறப்பச் சொன்னது!"

(சிரிப்பு) (ஆரவாரம்) (சிரிப்பு)

மூன்று அடைப்புக்குறிகளை ஒரே வரியில் நான் போட்டது அன்றைக்குத்தான். ஜோவனாசி சுற்றிலும் பார்த்தார். சபையே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடத்தில் கிங்கார்யுக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அஞ்சாறு பேர், ஓட்டுப் போட்டவர்கள். "சரி," என்றார் உரத்த குரலில், சந்தேகத்துக்கு இடமில்லாமல். "தர்றேன். ஆனா சமையல் நான் பண்ண மாட்டேன்."

சபாநாயகர் தீர்ப்புச் சொன்னார்: வியாழக்கிழமைப் பதிவு அப்படியே நிற்கும். இனிமேல் யாராவது முகத்தால் பதில் சொன்னால், அதை வாயாலும் சொல்லும்படி தலைவர் கேட்டுக்கொள்வார். மறுநாள் ஊலூட்டா சுடச்சுட ரொட்டி சுட்டு எல்லோருக்கும் கொண்டுவந்தாள். அடியில் கருகிய ஒன்றை டங்கனுக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அவர் அதைத் தின்றுவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு நல்லதாக ஒன்றைக் கொடுத்தாள்.

இங்கே முடித்திருக்கலாம். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். "இதோட நிறுத்து. சுபம் போடு."

8

போட முடியவில்லை. ரொட்டி வந்த அன்று மதியம் சிற்றுண்டிச்சாலையில் ஒரு பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஜோவனாசியின் பேத்தி நிவி. பதினாறு வயது. பல் பிடுங்கிக்கொள்ளத் தாத்தாவோடு தலைநகரம் வந்தவள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மறுகன்னத்தால் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருந்தாள்.

"நீங்கதானே எல்லாத்தையும் எழுதறவரு?"

"ஆமா."

"நான் சொன்னதையும் எழுதினீங்களா?"

"நீ எப்பம்மா பேசினே?"

"அதான் நானும் கேக்கறேன்," என்றாள். "அந்தப் பதினோரு பேர்ல நான் ஒருத்தி. தாத்தா எழுந்து கேக்கறாரு. மந்திரி ஆம்ங்கறாங்க. கண்ணாடிக்காரர் இல்லங்கறாரு. எங்கள்ல யாரையாவது கேட்டாங்களா?"

"உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு இங்க வந்து படிக்கணும். இங்க வேதியியலுக்கு நெஜமான லேப் இருக்கு. எங்க ஊர்ல படத்தைத்தான் காட்டுவாங்க, இந்தக் குடுவை கொதிச்சதா நெனச்சுக்கங்கன்னு." வறுவலைக் குழம்பில் முக்கினாள். "இப்ப என்ன ஆச்சு? வாத்தியாருங்க எங்க வீட்டுக்கே வர்றாங்க. காலைல பல் தேய்க்கறதுக்குக் கணக்கு வாத்தியாருக்குப் பின்னால வரிசைல நிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"தாத்தாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? நேத்துலேருந்து ரேடியோவுல அவர் பேருதான். அதோட, மத்தவங்களுக்கு அங்கயே இருக்கணும். ஒருத்திக்குக் கைக்குழந்தை இருக்கு, அவ எங்க போவா? நான் கெளம்பினா என் பெரியம்மா பொண்ணும் கெளம்புவா. ஒம்போது பேருக்காக வகுப்பு நடத்த மாட்டாங்க. அப்புறம் கைக்குழந்தைக்காரிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எழுதுகிற ஆள் என்ற தைரியத்தில் அவளுக்குச் சில முடிவுகளைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வருடம் ஊரிலேயே படித்துவிட்டுப் பிறகு இங்கே வருவது. "அது பெரியவங்க எப்பவும் சொல்றது," என்றாள். வரப்போகும் ஆசிரியர் ஒரு பெட்டி நிறையக் குடுவைகளோடு வந்து இறங்குவது. "கப்பல்லயா? உடஞ்சிடும்." தாத்தாவே அவள் மனதை அறிந்து, ஒரு நாள் தோளில் கைவைத்து, போய் வா என்று—

"நிறுத்துங்க," என்றாள். "தாத்தா அப்படியெல்லாம் பண்ண மாட்டாரு. ஏன் எல்லாரும் என் முடிவை நீங்களே சொல்றீங்க? நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கல. அதுக்கு மேல பல்லு வலி வேற."

அப்போது ஜோவனாசி வாசலில் வந்து நின்று, விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார். அவள் மிச்ச வறுவலைக் காகிதத்தில் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டாள். போகும்போது தாத்தா கேட்டது என் காதில் விழுந்தது: "என்னடி அவர்கிட்ட அவ்வளவு பேச்சு?"

அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கதவு மூடிவிட்டது.

இப்போது ஏப்ரல். தலைநகரப் பள்ளியில் சேர ஜூன் வரை அவகாசம் இருக்கிறது. ஆகவே முடிவுக்கான இடத்தைக் கீழே காலியாக விட்டிருக்கிறேன். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள், எழுதுங்கள். வீட்டில் பதினாறு வயதில் ஒரு பெண் இருந்தால் முதலில் அவளைக் கேளுங்கள். அவள் பதில் சொல்லும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.